காமிராவின் சிற்றுறுப்புகளும் நமது பொறுப்பும்

கள ஆராய்ச்சி நிலையங்களிலும் உயர்நிலைப் பள்ளிகளிலும் உள்ள காமிராக்கள் எக்காரணத்தால் பயனற்றுப் போகின்றன என்று கேட்டால், லென்ஸ் உடைந்தது, ஷட்டர் பழுதுற்றது என்பன போன்ற விடைகளையே நாம் எதிர்பார்ப்போம். என் அனுபவத்தில் கண்டது வேறு. லென்ஸ் தெளிவாயிருக்கும், ஷட்டர் சரியாக இயங்கும், ஆயினும் பாட்டரி அறையின் மூடி இராது. அல்லது முக்காலியின் தலையில் காமிராவைப் பிணைக்கும் தட்டு இராது. அல்லது லென்ஸின் முகமூடி தொலைந்திருக்கும். உள்ளங்கையில் மறையக்கூடிய ஒரு சிறு பொருள் இல்லாமையால், பல்லாயிரம் ரூபாய் பெறுமான ஒரு கருவி ஆண்டுக்கணக்கில் அலமாரியில் உறங்குகிறது.

இதனை யாரோ ஒருவருடைய கவனக்குறைவு என்று சொல்லி ஒதுக்கிவிடுவது எளிது. பெரும்பாலும் அவ்வாறே செய்துவருகிறோம். அது தவறான முடிவு என்பது என் அபிப்பிராயம். கழற்றப்படும் ஒவ்வோர் உறுப்பும் கழற்றிய பிறகு எங்கே இருக்கவேண்டும் என்பதை முன்னரே வகுத்து வைக்காததுதான் இழப்பின் மூலகாரணம். குறை ஏற்பாட்டில் இருக்கும்போது மனிதனைத் தண்டித்தால், கருவி காப்பாற்றப்படுவதில்லை. அது பூட்டி வைக்கப்படுகிறது. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜாதவ்பூர் தரும் பாடம்

கொல்கத்தாவின் தென்பகுதியிலுள்ள ஜாதவ்பூர், நம் நாட்டுக் கருவித் தொழிலின் வரலாற்றில் தனியிடம் பெற்றது. 1830-ஆம் ஆண்டில், நில அளவைத் துறையின் தேவைக்காகக் கல்கத்தாவில் கணிதக் கருவி அலுவலகம் ஒன்று ஏற்பட்டது. ஜார்ஜ் எவரெஸ்ட் இங்கிலாந்திலிருந்து திரும்பியபோது ஹென்றி பாரோ என்னும் கருவி வல்லுநரைத் தம்முடன் அழைத்து வந்தார். பாரோவுக்குப் பின்னர் அப்பொறுப்பை ஏற்றவர் நம் ஆர்க்காட்டைச் சேர்ந்த சையது மீர் மொஹ்சின் உசேன். சென்னையில் நகை வேலையில் பழகிய அவருடைய கைகள், பின்னர் இந்தியாவின் நிலப்பரப்பையே அளந்த பெருங்கருவிகளைச் செப்பனிட்டன. நுண்ணிய உறுப்புகளைப் போற்றும் பழக்கம் தட்டார் பட்டறையிலிருந்து விஞ்ஞானத்திற்கு வந்து சேர்ந்ததற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அவ்வலுவலகத்தின் வழிவந்த தொழிற்சாலையே 1957-ஆம் ஆண்டில் நேஷனல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் லிமிடெட் என்னும் மத்திய அரசுக் கம்பெனியாயிற்று. ஜாதவ்பூரிலிருந்த அத்தொழிற்சாலை நில அளவைக் கருவிகளோடு, 1960-களில் 35 மில்லிமீட்டர் படச்சுருளுக்குரிய ‘நேஷனல் 35’ என்னும் காமிராவையும் செய்து வெளியிட்டது. அதே ஜாதவ்பூரில் 1950-ஆம் ஆண்டில் மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. உலகில் ஒருசில நாடுகளே அறிந்திருந்த ஒளியியற் கண்ணாடித் தயாரிப்பு முறையை நம் நாட்டிலேயே உருவாக்கிய பெருமை அந்நிலையத்திற்கு உரியது.

ஒளியியற் கண்ணாடி செய்வது எத்துணைக் கடினம் என்பதைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். உருகிய கண்ணாடியில் ஒரு குமிழும் ஒரு வரியும் தோன்றலாகாது. உள்ளே இறுக்கம் தங்காதவாறு அதை நாட்கணக்கில் மெல்ல மெல்லக் குளிர்விக்கவேண்டும். பின்னர் அறுத்து, தேய்த்து, மெருகேற்றி, ஒளி மீளாதிருக்க மேற்பூச்சிட்டு, உலோகக் குழலில் பொருத்தவேண்டும். இத்துணை உழைப்பும் ஒரு லென்ஸில் அடங்கியிருக்கிறது. அந்த லென்ஸைக் காக்கும் மூடியோ சில பத்து ரூபாய்க்குக் கிடைப்பது. அருமையான பொருளின் ஆயுள் எளிய பொருளைச் சார்ந்து நிற்பது கருவிகளின் இயல்பு. மாட்டுவண்டியின் சக்கரம் கழலாதிருப்பது விரலளவான கடையாணியால் என்பதை நம் வண்டிக்காரர்கள் நன்கறிவார்கள்.

ஜாதவ்பூர் தொழிற்சாலை நலிவுற்று, 2009-ஆம் ஆண்டில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் வசம் சென்றது. அங்கே செய்யப்பட்ட காமிராக்களில் சில இன்னும் வீடுகளிலும் நிறுவனங்களிலும் உள்ளன. அவற்றின் ஒரு திருகாணி தொலைந்தால், அதனைச் செய்து தரும் தொழிற்சாலை இன்று இல்லை. இது அக்காமிராவுக்கு மட்டும் உரிய நிலை அன்று. இன்று வாங்கும் எந்த காமிராவும் சில ஆண்டுகளில் சந்தையிலிருந்து மறைந்துவிடும். அதன் உதிரி உறுப்புகளும் அதனோடு மறையும். கருவி நம்மிடம் இருக்கும் காலம், அதைச் செய்தவர் உதிரி உறுப்பு வழங்கும் காலத்தைவிட நீண்டது. ஆகவே, ‘தொலைந்தால் வாங்கிக்கொள்ளலாம்’ என்ற நம்பிக்கை நிலையானதன்று.

வளைந்ததும் தொலைந்ததும்

1808-ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலில் நிகழ்ந்த விபத்து நில அளவை வரலாற்றில் புகழ்பெற்றது. வில்லியம் லாம்ப்டன் தமது பெரிய தியோடலைட் கருவியைக் கோபுரத்தின் மீது ஏற்றினார். அரை டன் எடையுள்ள அக்கருவியை இழுத்துப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அதன் பெரிய வட்டம் உருக்குலைந்தது. வேறொருவராயின் கைவிட்டிருப்பார். லாம்ப்டன் அதனைப் பிரித்து, ஆப்புகளாலும் திருகுகளாலும் கப்பிகளாலும் வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்து, ஏறத்தாழ ஆறு வாரங்களில் பழைய உருவத்துக்குக் கொண்டுவந்தார். அக்கருவி மீண்டும் அளவைக்குப் பயன்பட்டது.

இந்நிகழ்ச்சியை நாம் பெரும்பாலும் ஒரு மனிதருடைய விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாகவே கூறுகிறோம். அதில் மற்றொரு பாடமும் உண்டு. வளைந்த உறுப்பு கையில் இருந்தது. ஆதலால் நிமிர்த்த முடிந்தது. தொலைந்துபோன உறுப்பை எத்துணைத் திறமையுள்ளவராலும் நிமிர்த்த இயலாது. இக்காரணத்தால், சிறு உறுப்பின் இழப்பைப் பெரிய பழுதைவிடச் சிறியதாகக் கருதுவது பிழை.

எனது சொந்த அனுபவம் ஒன்றையும் இங்கே குறிப்பிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், கடற்கரை அரிப்பைக் கண்டறிவதற்காக, ஒரே கல் தூணின் மீது காமிராவைப் பொருத்தி, ஒவ்வொரு மாதமும் ஒரே திசையில் படம் எடுத்துவந்தோம். தூணின் தலையில் இருந்த பெரிய மரையைக் காமிராவின் சிறிய மரையோடு இணைப்பதற்கு ஒரு பித்தளைச் சுரை இருந்தது. ஒரு மழை மாதத்தில் அது மணலில் விழுந்து மறைந்தது. இரண்டு மாதங்கள் படம் எடுக்க முடியவில்லை. அவ்விரண்டு மாதங்களில்தான் அவ்வாண்டின் பெரும்புயல் அடித்துக் கரையின் உருவமே மாறிற்று. புயலுக்கு முன்னும் பின்னும் இருந்த நிலையை ஒப்பிடும் வாய்ப்பு இனி எக்காலத்தும் இல்லை.

நஷ்டம் அதனோடு நிற்கவில்லை. சுரையை இழந்தவர் என்று இளம் ஊழியர் ஒருவரிடம் விளக்கம் கேட்கப்பட்டது. அவர் சம்பளத்தில் ஒரு சிறு தொகையும் பிடிக்கப்பட்டது. தொகை சிறிதுதான். ஆனால் அதன் பின் அந்நிலையத்தில் எவரும் தாமாக முன்வந்து காமிராவைத் தொடவில்லை. புதிய சுரை வந்த பிறகும் காமிரா பெட்டியிலேயே இருந்தது. அச்சுரையைப் பிணைத்து வைக்க ஒரு முழம் நூல் போதுமாயிருந்தது என்பது அப்போது எங்களில் எவருக்கும், எனக்கும் கூட, தோன்றவில்லை.

எவை தொலைகின்றன, ஏன்?

காமிராவின் சிற்றுறுப்புகள் மூன்று சந்தர்ப்பங்களில் தொலைகின்றன.

முதலாவது, உபயோகத்தின்போது கழற்றப்படுபவை. லென்ஸின் முன்மூடி, பின்மூடி, உடலின் மூடி, நிறவடிகட்டி, பாட்டரி அறையின் மூடி, பிளாஷ் விளக்கு பொருந்தும் இடத்தின் மூடி, கண்பார்வைச் சாளரத்தின் ரப்பர் வளையம், முக்காலித் தட்டு, நினைவு அட்டை ஆகியன இவ்வகையின. இவற்றைக் கழற்றும்போது நம் கவனம் எடுக்கப்போகும் படத்தின் மீது இருக்கிறது. பறவை பறந்துவிடும், வெளிச்சம் மாறிவிடும் என்ற அவசரத்தில் மூடி சட்டைப்பைக்கோ, பாறையின் மேலோ, சக ஊழியர் கைக்கோ போய்ச் சேர்கிறது. இதனைக் கவனக்குறைவு என்று சொல்வதைவிட, கவனம் வேண்டிய இடத்தில் இருந்தது என்று சொல்வதே பொருந்தும்.

இரண்டாவது, தாமாகத் தளர்ந்து விழுபவை. ஜீப்பிலும் மோட்டார் சைக்கிளிலும் கரடுமுரடான பாதையில் செல்லும்போது ஏற்படும் இடைவிடாத அதிர்ச்சியால் சிறு திருகாணிகள் மெல்ல மெல்லச் சுழன்று வெளியேறுகின்றன. மூக்குத்தியின் திருகாணி தளர்வதை எவரும் பார்ப்பதில்லை. மூக்குத்தி விழுந்த பிறகே அறிகிறோம். காமிராவிலும் அவ்வாறே.

மூன்றாவது, சுத்தம் செய்யும்போதும் பழுது பார்க்கும்போதும் தொலைபவை. சுருள்வில் ஒன்று தெறித்துச் சென்றால், அது அறையின் எந்த மூலைக்குச் சென்றது என்று கண்டுபிடிப்பது அரிது.

இவ்வுறுப்புகள் யாவும் ஒரே தரத்தன அல்ல. பிளாஷ் பொருத்தும் இடத்தின் மூடி தொலைந்தால் படம் எடுப்பதற்கு யாதொரு தடையும் இல்லை. கண்சாளரத்தின் ரப்பர் வளையம் இல்லாவிடில், முக்காலியில் வைத்து எடுக்கும்போது சிலவகைக் காமிராக்களில் பின்புறத்திலிருந்து புகும் ஒளி, ஒளிமானியின் அளவைப் பிழைபடச் செய்யும். உடலின் மூடி இன்றி வைத்தால் தூசி உட்புகுந்து ஒவ்வொரு படத்திலும் கரும்புள்ளியாகத் தோன்றும். துணித்திரை ஷட்டர் உள்ள பழைய காமிராக்களில், முன்மூடி இன்றி லென்ஸ் சூரியனை நோக்கியிருந்தால், குவிந்த ஒளி திரையில் துளையிட்டுவிடும். பாட்டரி மூடி இல்லையேல் கருவியே இயங்காது. நினைவு அட்டையோ எல்லாவற்றினும் முதன்மையானது. எஸ்.டி. அட்டை என்பது 32 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் உள்ளது. அதன் சிறிய வகை 15-க்கு 11 மில்லிமீட்டர்தான். ஒரு பருவம் முழுவதும் களத்தில் உழைத்த உழைப்பு அந்நகத்தளவான துண்டில் அடங்கியிருக்கிறது. காமிரா தொலைந்தால் வேறு வாங்கலாம். அட்டை தொலைந்தால் அப்பருவம் திரும்பாது.

இருப்பிடம் வகுத்தல்

பரிகாரங்கள் எளியவை, அதிகச் செலவும் இல்லாதவை. அவற்றின் அடிப்படை விதி ஒன்றே: கழற்றப்படும் உறுப்பு ஒவ்வொன்றுக்கும் ஓர் இருப்பிடம் உண்டு, அவ்விடத்தைத் தவிர வேறெங்கும் அது கணநேரமும் தங்கலாகாது.

கட்டிவைப்பது இவற்றுள் முதன்மையான முறை. சுண்ணாம்புக் கரண்டகத்தோடு சிறு கரண்டியைச் சங்கிலியால் இணைத்திருந்ததை மூத்தவர்கள் அறிவார்கள். தபால் நிலையத்தில் பேனாவைக் கயிற்றால் கட்டியிருப்பதைக் கண்டு நாம் நகைத்ததுண்டு. ஆயினும் அடுத்து வருபவருக்கும் அப்பேனா கிடைக்கிறதன்றோ? லென்ஸின் மூடியை அதேபோல் காமிராவின் வாரோடு இணைக்கலாம். மீன்வலை பின்னும் நைலான் நூல் இதற்கு ஏற்றது. பருத்தி நூல் ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சணத்திற்கு இடமளிக்கும். ரப்பர் நூல் நம் வெப்பத்தில் ஓரிரு ஆண்டுகளில் இற்றுவிடும்.

கட்டுவதிலும் சில எச்சரிக்கைகள் அவசியம். நூல் நீளமாயிருந்தால் மூடி ஊசலாடி லென்ஸின் முகத்திலேயே மோதும். காற்று பலமாக வீசும்போது, நெடுநேரம் ஒளி ஏற்கும் படங்களில் அந்த ஊசலாட்டம் காமிராவை அசைத்துப் படத்தைக் கலங்கச் செய்யும். அவ்வேளைகளில் மூடியை வாரில் தைத்த சிறு பையில் செருகிவைப்பது நலம். மூடியின் நடுவில் பசையால் ஒட்டும் வளையங்கள் வெயிலில் இளகிவிடுவதால், மூடியின் விளிம்பில் நுண்துளையிட்டு நூலைக் கோத்தல் உறுதியானது. துளையிடும்போது மூடி லென்ஸின் மேல் இருத்தல் கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

முக்காலித் தட்டை எப்போதும் காமிராவிலோ முக்காலியிலோ பொருத்தியே வைக்கவேண்டும். தனியே பையில் இடுதல் ஆகாது. அதன் திருகைப் பற்றி ஒரு செய்தியை நினைவிற் கொள்வது நல்லது. உலகெங்கும் காமிராக்களின் அடியிலுள்ள மரை கால் அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 20 சுற்றும் உடையது. பெரிய கருவிகளுக்கு உரியது 3/8 அங்குல விட்டமும் 16 சுற்றும் உடையது. ஐ.எஸ்.ஓ. 1222 என்னும் சர்வதேசத் தரநிர்ணயம் இவ்வளவுகளைக் குறிக்கிறது. கடைத்தெருவில் கிடைக்கும் 6 மில்லிமீட்டர் போல்ட்டு பார்வைக்கு ஒத்ததுபோல் தோன்றும். ஓரிரு சுற்று நுழைந்து பிறகு இறுகிக் காமிராவின் மரையைக் கெடுத்துவிடும். ஆகவே, தொலைந்த திருகுக்குப் பதிலாகக் கையில் கிடைத்ததைச் செலுத்துதல், இழந்ததைவிடப் பெரிய இழப்பிற்கு வழியாகும்.

தாமாகத் தளரும் திருகாணிகளுக்கு, பழைய வேலைக்காரர்கள் தலையில் ஒரு துளி அரக்கு வார்னிஷ் இடுவார்கள். இன்று இதற்கென்றே மென்பிடிப்புடைய பசைகள் கிடைக்கின்றன. அவற்றுள் சில பிளாஸ்டிக்கை வெடிக்கச் செய்யுமாதலால், உலோகத்தில் செல்லும் திருகாணிகளுக்கு மட்டுமே பயன்படுத்தவேண்டும். ஜப்பானியக் காமிராக்களின் குறுக்குவெட்டுத் திருகாணிகளுக்கு அந்நாட்டு அளவில் செய்த திருப்புளியே பொருந்தும். சாதாரணத் திருப்புளி அவற்றின் தலையைச் சிதைத்துவிடும். சிதைந்த தலையை உடைய திருகாணி சரியாக இறுகாது. இறுகாதது விழுந்தே தீரும்.

பழுது பார்ப்பதற்கு உட்காரும்போது தட்டாரையே குருவாகக் கொள்ளலாம். அவர் தம் முன் விரித்த துணியின்மீதே வேலை செய்கிறார், சாமணத்தால் எடுக்கிறார், எடுத்ததைக் குழித்தட்டில் இடுகிறார், வேலை முடிந்ததும் தூசியையும் கூட்டி வைக்கிறார். வெள்ளைத் துணி, முட்டை வைக்கும் அட்டைத் தட்டு, ஒரு தாளில் கருவியின் வரைபடம் இம்மூன்றும் போதும். கழற்றிய வரிசைப்படி குழிகளில் இட்டு, வரைபடத்தில் எண்ணிட்டுக்கொண்டால், மீண்டும் பொருத்துவது எளிதாகும். காந்தமேற்றிய திருப்புளி திருகாணியைப் பற்றிக்கொள்ள உதவும்; ஆனால் ஊசி அசையும் ஒளிமானி உள்ள பழைய காமிராக்களின் அருகே அதைக் கொண்டுசெல்லலாகாது.

நினைவு அட்டைகளுக்கு எண்ணிட்ட பெட்டி ஒன்று வேண்டும். படம் நிறைந்த அட்டையை முகம் கவிழ்த்தும், வெற்று அட்டையை முகம் நிமிர்த்தியும் வைப்பது என ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டால், இருட்டிலும் தவறு நேராது. அன்றாடம் மாலையில் களக்குறிப்பு எழுதும்போதே உறுப்புகளையும் எண்ணிக் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதவேண்டும். காலையில் புறப்பட்டபோது ஒன்பது, மாலையில் ஒன்பது. ஒன்று குறைந்தால் தேடவேண்டிய இடம் அன்று நடந்த பாதை மட்டுமே. ஒரு மாதம் கழித்து எண்ணினால் தேடவேண்டிய இடம் ஒரு மாவட்டமாகிவிடும்.

பதிவேடும் பயமும்

இவை எல்லாம் செய்தும் சில உறுப்புகள் தொலையத்தான் செய்யும். அப்போது அலுவலகம் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதே முக்கியமான கேள்வி.

மத்திய அரசின் பொது நிதி விதிகள் (2017) நிலையான சொத்துகளுக்கு ஒரு பதிவேடும், செலவாகும் பொருள்களுக்கு வேறொரு பதிவேடும் வைக்குமாறு கூறுகின்றன. எழுதுபொருள்கள், இரசாயனங்கள் ஆகியவற்றோடு பராமரிப்புக்கான உதிரி உறுப்புகளையும் அவ்விதி இரண்டாம் வகையிலேயே சேர்த்திருக்கிறது. காமிரா சொத்து, அதற்கென வாங்கி வைக்கும் உதிரி மூடியும் திருகாணியும் செலவாகும் பொருள்கள். மாநில அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் அவரவர்க்குரிய விதிகள் உண்டெனினும், இப்பாகுபாட்டின் நியாயம் எங்கும் பொதுவானது. ஆய்வுக்கூடத்தில் சோதனைக்குழாய் உடைவதைக் குற்றமாக நாம் கருதுவதில்லை. ஆண்டுக்கு இத்தனை உடையும் என்று முன்கூட்டியே வாங்கிவைக்கிறோம். லென்ஸின் மூடியையும் அவ்வாறே கருதுவதில் என்ன தடை?

ஆகையால், காமிரா வாங்கும்போதே அதனோடு இரண்டு முன்மூடிகள், ஒரு பின்மூடி, ஒரு பாட்டரி மூடி, ஒரு முக்காலித் தட்டு, சில திருகாணிகள் ஆகியவற்றையும் வாங்கி, செலவாகும் பொருள்களின் கணக்கில் வைக்கவேண்டும் என்று நிலையத் தலைவர்களையும் தலைமை ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன். உதிரி உறுப்புகள் எளிதாகக் கிடைக்கும் காலம் கருவி புதியதாயிருக்கும் காலமே. பழைய கருவியாயின், பழுதுற்று ஒதுக்கப்பட்ட அதே வகைக் காமிராவை ஏலத்தில் தள்ளிவிடாமல் உறுப்புகளுக்காக வைத்துக்கொள்வது நன்று.

இதற்கு ஓர் ஆட்சேபம் கூறப்படும். இழப்புக்குத் தண்டனை இல்லையென்றால் ஊழியர்கள் மேலும் அசட்டையாவார்கள் என்பது அது. அவ்வாட்சேபத்தை நான் முற்றிலும் ஒதுக்கவில்லை. பொதுப்பணத்தில் வாங்கிய பொருளுக்குக் கணக்கு உண்டு. கணக்குக் கேட்பவரும் வேண்டும். காமிராவையே பறிகொடுத்தவர் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் தண்டனைக்கு அஞ்சுபவர் இரண்டு காரியங்களில் ஒன்றையே செய்கிறார்: இழப்பை மறைக்கிறார், அல்லது கருவியைத் தொடாமலிருக்கிறார். மறைத்தால் தேடுவதற்குரிய நேரம் கடந்துவிடுகிறது. தொடாவிட்டால் கருவி வாங்கியதன் நோக்கமே அழிந்துவிடுகிறது. அன்றே சொல்பவருக்குத் தண்டனை இல்லை, பிறகு கண்டுபிடிக்கப்பட்டால் விளக்கம் உண்டு என்று விதித்தால், கணக்கும் காக்கப்படும், கருவியும் இயங்கும்.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல்

பள்ளிகளில் இக்கேள்வி இன்னும் கூர்மையானது. மாணவர் கையில் கொடுத்தால் ஏதேனும் தொலையும் என்ற அச்சத்தால், காமிராவும் நுண்பெருக்கியும் ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் மேசைமேல் காட்சியளிக்கின்றன. இன்று பலரிடம் கைபேசியே காமிராவாக இருப்பினும், அதன் முக்காலிப் பிடிக்கும் தனி லென்ஸுக்கும் இதே கதிதான்.

அச்சத்தைப் பாடமாக மாற்றலாம் என்பதே என் யோசனை. காமிராவைக் கையில் கொடுப்பதற்கு முன், அதன் கழலும் உறுப்புகளை ஒரு வெள்ளைத் தாளின் மீது வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் உருவத்தையும் பென்சிலால் சுற்றி வரையுமாறு மாணவரிடம் கூறுங்கள். அவ்வரைபடமே பிற்காலத்தில் சரிபார்க்கும் பட்டியலாகும்; காலியாயிருக்கும் கோடு எது தொலைந்தது என்பதைச் சொல்லிவிடும். முக்காலித் திருகின் சுற்றுகளை அளவுகோலின் அருகே வைத்து எண்ணச் செய்யுங்கள். அங்குலத்துக்கு 20 சுற்று என்றால், ஒரு சுற்றுக்கு 1.27 மில்லிமீட்டர் முன்னேறும் என்பதை மாணவரே கணக்கிட்டறிவார். 6 மில்லிமீட்டர் போல்ட்டின் சுற்று 1 மில்லிமீட்டர். அது ஏன் பொருந்தாது என்பதையும் அவரே கூறுவார். அளவைத் தரநிர்ணயம் எதற்காக ஏற்பட்டது என்பதை இதனினும் தெளிவாக விளக்கும் பாடம் அரிது. மூடிக்கு நூல் கட்டும் வேலையையும் மாணவருக்கே விடுங்கள். தாம் கட்டிய மூடியை எவரும் எளிதில் இழப்பதில்லை.

ஆர்க்காட்டிலிருந்து கல்கத்தா சென்ற அக்கருவி வல்லுநர், நுண்ணிய திருகாணிகளைக் கையாளும் பயிற்சியை ஒரு பட்டறையில்தான் பெற்றார்; பூட்டிய அலமாரியின் முன் நின்று பெறவில்லை. நம் பள்ளிகளிலும் அத்தகைய கைகள் இருக்கக்கூடும். அவற்றிற்குக் கருவி எட்டவேண்டும்.

இவ்விதழைப் படிக்கும் கள ஊழியர்களும் ஆசிரியர்களும் இவ்வாரத்திலேயே தம் பொறுப்பிலுள்ள காமிராவை வெளியே எடுத்து, அதன் சிற்றுறுப்புகளை எண்ணி, ஒரு பட்டியல் எழுதுமாறு வேண்டுகிறேன். இல்லாதவற்றை எழுதுவதற்குக் கூசவேண்டியதில்லை. இருப்பவற்றுக்கு ஓர் இருப்பிடமும் ஒரு முழம் நூலும் கொடுத்துவிட்டு, அதே நாளில் ஒரு படமேனும் எடுத்துவிட்டுக் காமிராவைப் பெட்டியில் வையுங்கள்.